கழிவு

நிலத்திலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர்.
அதற்குப் பெயர் நெஞ்சுயரம்.
யாருடைய நெஞ்சு என்று கையேட்டில் இல்லை.
எனக்கு அது தோளுக்கு வருகிறது,
நிலூக்ஷிக்குச் சட்டைப் பையில் பேனா செருகும் இடம்.
மூங்கில் தடியொன்றில் சிவப்பு நூலைக் கட்டிக்கொண்டு
ஹட்டன் நகரமெங்கும்
அந்த நூலின் உயரத்தில்
மரங்களைக் கட்டிப்பிடித்தோம்.

பஸ் நிலையத்துச் சைப்பிரஸ்: சுற்றளவு இருநூற்றுப் பதினாறு.
பட்டையில் இரண்டு பெயர்கள்.
பெண்ணின் பெயரை மட்டும் யாரோ பிறகு சுரண்டியிருந்தார்கள்.
நாடா அந்த இடத்தில் குழிந்ததால்
நான்கு விரல் மேலே அளந்தோம்.

வங்கிக்குப் பின்னால் ஒரு ஜக்கரண்டா.
'வெட்டப் போறீங்களா?' என்று மேலாளர் ஓடிவந்தார்,
ஆவலோடு.
பூவெல்லாம் அவருடைய காரில்தான் விழுகிறதாம்.
ரசீன் நானாவின் பேக்கரி முற்றத்தில் கொய்யா,
விட்டம் ஐந்துக்கும் குறைவு, கணக்கில் சேராது.
'சேராட்டி என்ன, காய்க்குதே' என்று
ஆளுக்கு இரண்டு பழம் தந்தார்.

பிறகு மழை.
மூன்று நாள் நாடாவைத் துடைப்பதே வேலை.
அட்டைகள் மட்டும்
எந்தப் படிவமும் நிரப்பாமல்
வேண்டியதை எங்களிடம் எடுத்துக்கொண்டன.

நான்காம் நாள் நகர எல்லை.
வரைபடத்தில் அந்தக் கோடு
ஒரு லயத்தின் ஐந்தாம் காம்பராவுக்குள் நுழைந்து
அடுப்புக்கு மேலாக வெளியேறுகிறது.
அடுப்பு ஊருக்குள், படுக்கை தோட்டத்துக்குள்.

தனபாக்கியம் அக்கா மலையிலிருந்து இறங்கி வந்தார்,
இடுப்பில் படங்கை இன்னும் அவிழ்க்கவில்லை.
பின்பக்கத்துத் துண்டு நிலத்தில்
பீன்ஸ் பந்தல், இரண்டு வரி லீக்ஸ்,
ஒரு மரத்தக்காளி, ஒரு பேரிக்காய்,
வேலியில் முள்முருங்கை.
நான்காவது கேள்வி: காணி யாருடையது?
'கம்பெனியோடதுன்னு எழுதினா
பேரிக்கா மரமும் கம்பெனிக்குப் போயிடுமா?'
எனக்குத் தெரியவில்லை.
விடையில்லாமல் டெப்லட் அடுத்த பக்கம் போகாது.
'வேறு' என்பதை அழுத்தினேன்.

'மரத்துக்குள்ள என்னத்தத் தேடுறீங்க?'
'காபன், அக்கா.'
'பில்லுக்கு அடியில வைப்பாங்களே, அந்தத் தாளா?'
'கரிதான். அடுப்புல மிஞ்சுமே, அது.
காத்துல இருந்து மரம் எடுத்து வச்சிருக்கு.
எத்தனை கிலோன்னு பாக்குறோம்.'

கிலோ என்றதும் அவர் முகம் மாறியது.
'கழிவு எவ்வளவு போடுவீங்க?'
எனக்குப் புரியவில்லை.
'கொழுந்து நிறுக்கையில
ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க,
சாக்குக்கு ஒண்ணு.
மழை நாள்ல அவங்க மனசுப்படி.
மரத்துக்கு எவ்வளவு?'

ஈரத்தைக் கழித்துவிட்டு உலர்ந்த எடையை எடுப்போம்,
அதிலும் ஏறக்குறைய பாதிதான் காபன் என்றேன்.
'பாதியா!'
கொழுந்துக் கறை படிந்த விரல்களால் வாயைப் பொத்திச் சிரித்தார்.
'எங்க கணக்கப்பிள்ளையே தேவல.'
நிலூக்ஷிக்குச் சிங்களத்தில் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை,
சூத்திரத்தை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

கான் ஓரமாக ஒரு சவுக்கின் அடிக்கட்டை இருந்தது.
மார்கழிக் காற்றில் கூரைப்பக்கம் சாய்ந்ததை வெட்டிவிட்டார்களாம்.
அடிக்கட்டை: பூச்சியம், என்று தட்டினேன்.
'பூச்சியமா?'
எட்டிப் பார்த்தவர்
என் கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்துப்போனார்.

'இந்தா நிக்குது உங்க பூச்சியம்.'

கதவு.
இன்னும் சாயம் பூசாதது,
சவுக்கின் சிவந்த ரேகைகள் தெரிய.
மிச்சம் விறகாச்சு, அதுக்குக் கணக்கு வேணாம்,
இதுக்கு மட்டும் போட்டுக்கொடு என்றார்,
சம்பளத் துண்டை நீட்டுகிறவர் போல.

படிவத்தில் கதவுக்கு இடமில்லை.
நிலூக்ஷி ஒன்றும் பேசாமல்
நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள்.
உயரம் நூற்று எண்பத்திரண்டு, அகலம் எழுபத்தாறு,
கனம் மூன்று.
நனைந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
ஆணித் துளைகளுக்கும்
பூனை போய்வர அறுத்துவிட்டிருந்த மூலைக்கும்
எதையும் கழிக்கவில்லை.