நான்கு கேன்கள்

பேரணாம்பட்டு தாண்டி
தார் முடிகிற இடத்தில் வேனை நிறுத்தினோம்.
பதினோரு பேர், ஒரு கீபோர்டு,
இரண்டு மூட்டைப் பழந்துணி,
நான்கு தண்ணீர்க் கேன்.

வேம்பில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்
கிணற்றடிக் கதையைத்தான் சொன்னேன்.
உச்சிவெயில், களைத்து உட்கார்ந்தவர்,
குடத்தோடு வந்தவள்.
மூன்று வாரம் முழங்காலில் நின்று
தயாரித்த செய்தி.
முறத்திலிருந்து கண்ணெடுக்காமல்
பீடி சுற்றிக்கொண்டே கேட்டார்கள்.
ஆமென் மட்டும் சரியான நேரத்தில் வந்தது.

ஜெபம் முடிந்ததும்
பூஷணம் என்கிறவள் சொம்பை நீட்டினாள்.
அந்த ஊர்க் கிணறுகள் எனக்குத் தெரியும்.
தோல் ஷாப்புக் கழிவு இறங்கி
பருப்பு வேகாத நீர்.
"பரவாயில்லம்மா, கேன் இருக்கு" என்றேன்.
புன்னகைத்தேன் என்றுகூட ஞாபகம்.

சொம்பு நீட்டியபடியே இருந்தது.
"கெணத்துத் தண்ணி இல்லீங்க ஐயா.
வண்டிக்காரன்கிட்ட வாங்கினது,
குடம் பத்து ரூபா.
நீங்க வருவீங்கன்னு
காலையில எடுத்து வச்சேன்."

நான் பதில் தேடுவதற்குள்
நர்ஸ் கிளாடிஸ் வாங்கி,
அண்ணாந்து அல்ல,
வாய் வைத்தே குடித்தாள்.
முந்தானையால் உதட்டைத் துடைத்து
"இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றாள்.
பூஷணம் அப்போதுதான் சிரித்தாள்.

திரும்பும் வழியில் அறிக்கை எழுதினேன்.
கைப்பிரதி இருநூறு.
துணி, எண்பத்து நான்கு உருப்படி.
தீர்மானம் எடுத்தோர் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

காட்பாடி பாலத்தில் வண்டிகள் நகரவில்லை.
கதையில் முதலில் கேட்டது அவர்தானே.
தாகம், கொடு என்று.
மொள்ள ஒரு பாத்திரம்கூட இல்லாமல்.

சீல் உடைக்காத கேன் ஒன்று
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
உருண்டு வந்து
என் காலை இடித்தது.