வாளி வைத்த இடம்

வந்திருந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
பொகவந்தலாவைக்கு மேலே, பிள்ளை மடுவத்தில்,
குட்டி நாற்காலிகளில்
முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தோம்.
செயலாளர் என்பதால் பேனா என்னிடம்.

டிலோஜன் மேசைமேல் வைத்தான்:
ஒரு பால்மா டின், ஒரு மிதவை,
கண்ணாடி உடைந்த பழைய போன்.
மண் சரியுமுன்னே கத்துமாம்.
எழுபத்தைந்து மில்லிமீட்டர் தாண்டினால்
மேட்டு லயத்தில் எல்லாப் போனிலும் மணி அடிக்குமாம்.
குவளையால் தண்ணீர் ஊற்றினான்.
கத்தியது.
பின்வரிசையில் ஒரு கைக்குழந்தையும் கத்தியது.

முப்பத்தைந்து தலைகள் ஆடின. எண்ணினேன்.
சிலர் பக்கத்து ஆளைப் பார்த்துப் புருவம் தூக்கினார்கள்,
பரவாயில்லையே என்கிற மாதிரி.
பேனா அசையவில்லை.
தலையாட்டலை எந்த வரியில் எழுதுவது?
ஆமாம் என்பவனுக்கு
ஆமாமுக்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது எழுந்தார் செபமாலை.
"டவரே இல்லாத மலையில
எந்தப் போனுல மணி அடிக்கும்?"

கூரையெல்லாம் ஒரே மழைதான்.
வாளி வைப்பது ஒழுகுகிற இடத்தில்.

நாற்காலிகள் திரும்பின.
டிலோஜன் பதில் சொன்னான். எழுதினேன்.
பதிலுக்கு ஒரு கேள்வி. எழுதினேன்.
போன வருஷம் கரண்ட் இல்லாத ஒன்பது நாளை
ஒருவர் எடுத்துப் போட்டார்.
டின் துருப்பிடிக்கும் என்றார் இன்னொருவர்.
டின்னைத் திருடிவிடுவார்கள் என்றார்
டின் விற்கிற கடைக்காரர்.
செபமாலையின் கேள்வி
ஊறிய பருப்பாய்ப் பெருத்துக்கொண்டே போனது;
அவரை மறுத்தவர்களும் அதற்குத்தான் தண்ணீர் விட்டார்கள்.

பிறகு புவிராணி எழுந்தாள்,
கொழுந்து நிறுக்கையில் ஒரு கிலோ பிசகினாலும்
தராசையே கழற்றிக் காட்டச் சொல்கிறவள்.
"செய்றவனுக்கு ரெண்டு கை,
நொட்டை சொல்ல ஒம்போது வாய்.
இதுவரைக்கும் என்ன வச்சிருந்தோம் நாம,
நாய் குரைக்கிறதத் தவிர?"
கைதட்டலில் தகரம் அதிர்ந்தது.
அதையும் எழுதினேன், அடிக்கோடு போட்டு.
மறுப்புக்கு மேலே ஏற
இன்னொரு மறுப்பால்தான் முடிந்தது.
அவளும் தலையாட்டியிருந்தால்
முப்பத்தாறாவது தலை, அவ்வளவே.

இரவு மெழுகுவர்த்தியில் படித்துப் பார்த்தேன்.
நான்கு பக்கம்.
பத்து வருஷம் கழித்து இதைப் பிரிக்கிறவர்
இந்தத் தோட்டத்துக்கு அந்த டின்னைப்
பிடிக்கவே பிடிக்காது என்றுதான் நினைப்பார்.
மௌனம் சம்மதமென்று பழமொழிக்குத் தெரியும்.
குறிப்பேட்டுக்குத் தெரியாது.

ஆனாலும் செபமாலை கேட்டது சரிதான்.
டவர் இல்லை.
நாற்பத்தொரு பேரில்
அதை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்.
இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும்:
கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நான்
அவர் எழுந்த பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தியில்
தொங்க வீட்டுக் கூரையில் டின்னைக் கட்டினார்கள்,
போனை விட்டுவிட்டு
கோயில் ஒலிபெருக்கிக்கு வயர் இழுத்து.
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது செபமாலை,
தலையில் சாக்குப் போட்டு, மழையில்,
ஒரு வார்த்தை பேசாமல்.
அது எந்தப் பக்கத்திலும் வராது.

அடுத்த கூட்டம் போயா அன்று.
இதுவரை வந்திருப்பது ஒரேயொரு கடிதம்:
ஒலிபெருக்கியைச் சோதித்த நாளிலிருந்து
கோழிகள் முட்டையிடுவதில்லையாம்.
புதுப் பக்கம் திருப்பி
மேலே, முதல் வரியில், எழுதிவைத்திருக்கிறேன்.