உப்புக் கிடங்கில் ஒரு நாற்காலி

மேடைக்கு அடியில் ஒரு குழி, குழியில் நான்.
வசனம் மறந்தவனுக்கு வாய் கொடுப்பது வேலை.
பதினேழு குளிர்காலம் நான் பார்த்ததெல்லாம் பூட்ஸ்.

லுக்யான் ஸ்வெச்னிக்கோவ், திரி வார்ப்பவர் மகன்.
தேன்மெழுகு தேவாலயத்துக்குப் போய்விடும்;
எங்களுக்கு மாட்டுக் கொழுப்பு.
அரைமணி எரியும், அப்புறம் கமறும்.
"கமறுமுன் அழுது முடி" என்பார் நாயகியிடம்.
நாயகி, குரல் உடையாத பாதிரிப் பள்ளிப் பையன்.
அவரும் ஒருநாள் அப்படித்தான்,
சணல்நார்ச் சடையோடு ராணியாய் நின்று
பிஷப் கையால் ஓர் ஆப்பிள் வாங்கியவர்.

கொஸ்த்ரொமாவில், வோல்கா உறையும் கரையில்,
உப்புக் கிடங்கை வாடகைக்குப் பிடித்தார்.
சுவரை நக்கினால் கரிக்கும்.
முதல்நாள் கூட்டத்தில் பாதிப்பேர் நக்கித்தான் பார்த்தார்கள்.

பீட்டர்ஸ்பர்க் கூப்பிட்டது. போனார்.
கையை எப்படித் தூக்குவதென்று
ஒரு பிரெஞ்சுக்காரர் மூன்று வருடம் கற்பித்தாராம்.
திரும்பி வந்து எங்களுக்கு
கையை எப்படித் தொங்கவிடுவதென்று கற்பித்தார்.
அதுதான் கஷ்டம்.

அனிக்கேய் எங்கள் அரசன்.
கர்னல் துரெகூபொவின் அடிமை, இரவல் ஆள்.
ஒரு மாஸ்லெனித்ஸா இரவு, மூன்றாம் அங்கம்,
தூதன் மண்டியிட்டு, "மன்னா, எல்லை எரிகிறது" என்கிறான்.
பின்வரிசையிலிருந்து கர்னலின் ஆள்:
"அனிக்கேய்! விருந்தாளி வந்தாச்சு, சூப் பரிமாற வா."

போனான்.
கிரீடத்தைக் கழற்றவும் நேரமில்லை.

சிரித்தார்கள். உப்புச் சுவரெல்லாம் சிரிப்பு.
நான் குழிக்குள் தாளைப் புரட்டுகிறேன்,
இதற்கு வசனம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மறுநாள் அதே நாடகம். கர்னல் முதல் வரிசை.
அரசன் நாற்காலி காலி.
லுக்யான் யாரையும் உட்கார வைக்கவில்லை.
தூதன் காலியிடத்துக்கு மண்டியிட்டான்.
ராணி காலியிடத்தின் காலைப் பிடித்தாள்.
அரசன் பேச வேண்டிய இடமெல்லாம்
திரி எரியும் சத்தம்.
யாரும் இருமவில்லை.
கர்னல் அந்த நாற்காலியையே பார்த்திருந்தார்,
கையுறையைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

சவுக்கு யார் முதுகில் விழுந்தது என்று கேட்பீர்கள்.
அனிக்கேய் முதுகில்தான்.
வேறு யார் முதுகு அவருடையது?

செய்தி வந்த அன்று, முதல்முறையாக,
லுக்யான் என் குழிக்குள் இறங்கினார்.
இரண்டு பேருக்கு இடம் போதாது. முட்டி இடித்தது.
"இங்கிருந்து என்ன தெரியும்?"
"பூட்ஸ்."
"அனிக்கேயுடையது?"
"இடது குதிகாலில் ஆணி துருத்தும்.
அரசனாக நடக்கையில் நொண்டமாட்டான்.
பூட்ஸைக் குத்திக் கழற்றுகையில் நொண்டுவான்."
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பிறகு கணக்கேடு என்னிடம் வந்தது.
பீட்டர்ஸ்பர்க்கைப் பற்றி ஒரு வரி இல்லை.
அந்த வாரத்துப் பக்கத்தில், அவர் கையெழுத்தில்:
திரி இருபத்தெட்டு.
சணல்நார் அரை ராத்தல்.
ஆணி பிடுங்கிய கூலி, இரண்டு கோபெக்.