அரைப்புள்ளி

நேமத்தான்பட்டிக் கோயிலில்
புள்ளி வரி எழுதும் நாள்.
கணக்குப்பிள்ளை நான்;
சொன்னதை எழுதுவது மட்டும் என் வேலை.

பெண்கள் வராத கூட்டத்துக்குச்
சிகப்பி ஆச்சி வந்தார்.
மோல்மேனில் காய்ச்சல் கண்டு
கணவர் போய்ப் பதினோரு வருடம்.
கடைக் கடிதங்களுக்குத் தானே பதிலெழுதி
வராக்கடனையும் வரவழைத்தவர்.

"அடைக்கப்பனுக்குப் பெண்டாட்டி செத்தது
போன ஐப்பசி.
தையில் வேறொருத்தி; முழுப்புள்ளி ஆகிவிட்டார்.
எனக்கு எத்தனை தை போனாலும் அரையா?"

யாரோ இருமினார்.
வெற்றிலைக் காம்பைக்
கிள்ளிக்கொண்டே இருந்தார் ஒருவர்.
வழக்கம் என்றது தூணுக்குப் பின்னிருந்து ஒரு குரல்.

ஆச்சி முழு வரியை எண்ணி வைத்தார்,
சில்லறை உட்பட.
"அரை ஆளிடம் முழுப்பணம் வாங்கலாமா?
பணத்தைத் திருப்புங்கள்,
இல்லை, கணக்கைத் திருத்துங்கள்."

கும்பாபிஷேகத்துக்கு மூன்று மாதம்.
பணத்தைத் திருப்ப
ஒருவருக்கும் கை எழவில்லை.

யாரும் சொல்லவில்லை.
நான் எழுதினேன்.
அரையை அடித்து, பக்கத்தில்
௧.

மை காயுமுன் யாரோ
பேரேட்டைப் பட்டென்று மூடினார்.

மறுநாள் திறந்தால்
எதிர்ப்பக்கத்திலும் பதிந்திருக்கிறது அந்த ஒன்று,
இடம் வலம் மாறி,
மங்கலாக,
உண்ணாமலை ஆச்சியின் அரைக்கு மேல்.

நான் அதைச் சுரண்டவில்லை.