மூணு சுழி

கன்னிக்கு ரெண்டு சுழி போதும் என்று
எழுத்தரிடம் ரெண்டு தடவை சொல்லிவிட்டேன்.
படிவத்தில் 'கண்ணி நாய், பெட்டை, கறுப்பு' என்றே இருக்கிறது.
திருத்தினால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டுமாம்.
இருக்கட்டும்.
இது தேடப் போவது மூணு சுழியைத்தானே.

பெயர் துட்டு.
மாவடிப் பக்கம் கிடை போட்டிருந்தவர்
துட்டு வாங்காமல் தந்ததால்.
'ஆட்டைப் பார்க்காது, முயலைத்தான் பார்க்கும், கொண்டு போம்மா.'
குறை சொன்னாரா பெருமைப்பட்டாரா
இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பதினோரு மாசம். பால்பல் எல்லாம் விழுந்தாயிற்று.
விலாவை எண்ணலாம், இந்த இனத்துக்கு அது நோய் இல்லை.
உண்ணி, இடது காதில் ஏழு, விரலிடுக்கில் மூன்று.
முன்னங்காலில் பழைய உடைமுள்.
ஊக்கால் நெம்பும்போது கடிக்கவில்லை,
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன்.
ஓடியது.
எட்டடி தள்ளி நின்றது.
திரும்பி வந்து தட்டை முகர்ந்தது.
ஓடாத நாய்கள் ரெண்டைப் போன மாசம்
திருப்பி அனுப்பியிருந்தேன், ஒன்றுக்குக் காதே கேட்காது.

பந்து வேண்டாம். பிஸ்கட்டும் வேண்டாம்.
நெத்திலிக் கருவாட்டுக்கு மட்டும் வால் ஆடுகிறது.
இப்போதெல்லாம் களக்காட்டு பஸ்ஸில்
என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

கண்ணால் வேட்டையாடப் பிறந்ததை
மூக்கால் நடக்கச் சொல்ல வேண்டும்.
பகலில் முடியவில்லை. ஒரு ஓணான் போதும்,
கயிறு என் தோளைப் பிடுங்கிக்கொண்டு போகும்.
அதனால் விடிய நாலரைக்கு,
வாழைக்குள் எதுவும் தெரியாத நேரத்தில்.
அப்போதுதான் தலை கீழே இறங்கியது.

கம்பி வைப்பது ஜெபமணி.
பைக்கின் கிளட்ச் வயர். பன்றித் தடத்தில், முழங்கால் உயரம்.
இறுகாதபடி நடுவில் ஒரு முடிச்சு.
கம்பியைக் கண்டால் தொடக் கூடாது, உட்கார வேண்டும்.
அதுதான் பாடம், அது ஒன்றுதான் பாடம்.
மூணாவது வாரம் உட்கார ஆரம்பித்தது.

நேற்று வைத்தது நாலு.
துட்டு உட்கார்ந்தது அஞ்சு இடத்தில்.

அஞ்சாவது, திருக்குறுங்குடிப் பாதைக்கு மேற்கே,
ஏத்தன் வாழை முடிந்து காடு தொடங்கும் வரப்பில்.
முடிச்சு இல்லை.
டார்ச் வெளிச்சத்தில் வயர் பளபளவென்றிருந்தது.
'வேற எவனோ வச்சிருக்கான்' என்றான் ஜெபமணி
நான் கேட்பதற்கு முன்னால்.

மூணு வாரமாக ஒவ்வொரு கம்பியையும்
தொட்டது அவன் கைதான்.
துட்டு படித்தது வயரின் வாசனையையா
அந்தக் கையின் வாசனையையா?
வயர் என்றால் நாய் தேறிவிட்டது.
கை என்றால் தப்பு என்னுடையது,
ஆளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்று
பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள்,
ஆள் இல்லை என்று நான்தான் விட்டுவிட்டேன்.
கை என்றால்
வேறொன்றும் இருக்கிறது.

அந்த வரப்புக்குக் கீழே அவன் மச்சானுக்கு அறுநூறு வாழை.
போன ஆவணியில் ஒரே ராத்திரி
பன்றி நூற்றுப்பத்தைக் கிண்டிப் போட்டது.
மறுநாள் வேலைக்கு வந்தவன்
டீயைக் கையில் வைத்துக்கொண்டு
ஆறும்வரை குடிக்கவில்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம்: தகுதி, ஆம், இல்லை.
பேனாவை மூடிவிட்டேன்.
டிரைவர் செய்யதிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்,
புது வயர், பிரிக்காத கையுறை, நாளை நீங்கள் வையுங்கள்.

ஷெட்டில் ஜெபமணி
அதன் காதிலிருந்து உண்ணி எடுத்துக்கொண்டிருக்கிறான்.
ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் டப்பாவில் போடுகிறான்.
துட்டு அவன் செருப்பின்மேல் மூக்கை வைத்திருக்கிறது.
ரொம்ப நேரமாகப் பார்க்கிறேன்.
உட்காரவில்லை.
படுத்திருக்கிறது.