பிணை

இரவு ஏழுக்குக் கையைத் துடைத்துவிட்டு
இரண்டு தகடுகளையும் நான் எடுக்கிறபோது
பஸ் ஸ்ராண்டில் நிற்கிறவர்களுக்குப் பசி தொடங்கும்.
இருபத்திரண்டு வருசமாக இந்தச் சத்தம் என்னுடையது.
தெருமுனையில் நின்றே பெனடிற்றா சொல்லிவிடுவாள்,
இது நீங்கள், அது பக்கத்துக் கடை.

புயத்தைக் கொத்து தந்தது.
வண்டியையும் கொத்துத்தான் தந்தது.
பதினொரு மணிக்குக் கல்லைச் சுரண்டும்போது
ஓரத்தில் கருகி ஒட்டிய ரொட்டி, முட்டைப் பொருக்கு,
கோழி விட்டுப்போன எண்ணெய்.
எறிய எனக்கு மனம் வந்ததில்லை.
நாளுக்கு ஒரு பிடி.
கணக்குப் பார்க்கக் கணக்கப்பிள்ளை வேண்டாம்,
குனிந்தால் போதும். செருப்புத் தெரியாது.

கிளினிக்கில் மிஸ்ஸி நாடாவைச் சுற்றி
நூற்றெட்டு என்று சத்தமாகச் சொல்லி எழுதினா.
நூற்றெட்டுத் தேங்காய் என்றால்
எங்கேயாவது நேர்ந்து உடைக்கலாம்.
இதை எங்கே கொண்டுபோய் உடைக்கிறது?

அன்றிலிருந்து பட்டினி.
காலையில் வெறுந்தேத்தண்ணி, மத்தியானம் கஞ்சி,
இரவு, மற்றவர்கள் தின்பதைப் பார்ப்பது.
ஆறு கிழமையில் இடுப்பில் ஒரு அங்குலம் போனது.
புயத்தில் ஒன்றரை.
பெனடிற்றாவின் தையல்நாடா பொய் சொல்லாது.
வயிறு பட்ட கடனுக்கு
பிணை நின்ற கையின் வளவை
ஏலத்தில் விட்டிருக்கிறது உடம்பு.

சத்தத்திலும் தெரிந்தது.
நாலாவது பிளேட்டில் இடக்கை பிந்தியது.
காரைநகர் பஸ் சாரதி கோப்பையை வைத்துவிட்டு,
முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார்,
"சந்தியோகு எங்கே? ஆர் இந்தப் புதுப்பெடியன்?"
நான்தான் அது.

வீட்டுக்குப் போய்க் கஞ்சிப்பானையைக் கவிழ்த்தேன்.
ஊருக்கு நூற்றைம்பது முட்டை உடைக்கிற கை
தனக்கென்று மூன்றை அவித்தது.
பயறு. சூடை மீன், பொரிக்காமல், புளி விட்டு.
புட்டில் அரைக்குழல்.
மற்ற அரையை வேண்டாமென்று சொல்லப் பழக
ஒரு மாதம் எடுத்தது, உண்மையைச் சொல்கிறேன்.
விடியவே மா மூட்டையைத் தலைக்கு மேலே தூக்குவேன்,
எட்டுத் தரம், மூச்சு வாங்கி, பிறகும் எட்டு.
கடைப்பெடியன் நிரோசன் எண்ணுவான்.
ஆறுக்குப் பிறகு வேண்டுமென்றே ஐந்து என்பான்.

பிறகு சைக்கிள், பண்ணைத் தெருவால் மண்டைதீவுச் சந்திவரை.
போகையில் சோழகம் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளும்,
அந்தப் பாதியை நான் உழைப்பில் சேர்ப்பதில்லை.
களப்பில் கூடு பார்க்கிறவர்கள்
முழங்கால் தண்ணியில் நின்று கையசைப்பார்கள்.
ஒருத்தருக்கும் வண்டி இல்லை.
எரிச்சலாக இருக்கும்.

சுரண்டல் துண்டு இப்போது நிரோசனுக்கு.
அவன் மொறுமொறுவென்று தின்னும்போது
நான் கல்லுக்குத் தண்ணி தெளிப்பேன், கொஞ்சம் கூடுதலாக,
அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க.

நல்லூர்த் திருவிழாச் சனம் முட்டிய சனி இரவு,
இரண்டு கையும் கதியில் ஏறிய நேரம்
சாரம் நழுவியது.
முடிச்சென்று நான் நம்பியிருந்த இடத்தில்
இத்தனை வருசமும் தாங்கி நின்றது வண்டி.
வரிசையில் பதின்மூன்று பேர். காரைநகர்ச் சாரதியும்.
தகட்டைக் கீழே வைத்தால் சத்தம் நின்றுவிடும்.
வலது முழங்கையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு
ஒற்றைக் கையால் அடித்து முடித்தேன்,
இடக்கையால்.