பத்து வீதம்

எட்டரைக்குக் கதவைத் திறக்கும்போது
மதிலோரம் மூன்று மான்கள் நிற்கின்றன.
வேட்பாளரை நெற்றிவரை தின்றாயிற்று.
கோதுமை மாப் பசை
எல்லாக் கட்சிக்கும் ஒரே ருசிதான் போலும்.
நான் துரத்துவதில்லை.
சுவரொட்டி அகற்றுவது
என் கடமைப் பட்டியலில் இல்லை.

உள்ளே ஏழு கணினிகள்.
நான்கு வேலை செய்யும், மழைநாளில் மூன்று.
வை-பை கேட்டு வருகிறவர்கள்
புத்தகம் கேட்டு வருவதில்லை என்று
அறிக்கை எழுதச் சொன்னார்கள்.
இன்னும் எழுதவில்லை.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் ரிஸ்கான்
யன்னலோரம் இருந்து
கைபேசியிலேயே ஒரு நாவலை முடித்துவிட்டான்.
அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
வருகையிலா, இரவலிலா,
கரண்ட் பில்லிலா?

போட்டோக்கொப்பி மெஷினுக்கு மேலே
நான் எழுதி ஒட்டிய அறிவித்தல்:
ஒரு நூலில் பத்து வீதம் மட்டும்.
மூன்று மொழியிலும்.
எந்த மொழி மேலே வருவது என்பதற்கு
ஒரு கூட்டம் நடந்தது, தேநீருடன்.
பத்து வீதத்தைப் பற்றி
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏ.எல். பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்.
பத்துப் பேர், ஆளுக்குப் பத்து வீதம்;
பொருளியல் நூல் முழுசாகப்
படியிறங்கிப் போயிற்று.
சட்டத்தை மீறியவர் எவருமில்லை.
ஸ்டேப்ளர் நான்தான் கொடுத்தேன்.

வெள்ளி வெளியான படம்
சனி மத்தியானம் பென்டிரைவில் வந்தது,
காவலாளி அமிர்தநாதனின் சேட்டுப் பையில்.
தியேட்டரில் திருட்டாய் எடுத்த பிரதி.
கதாநாயகன் அழும் இடத்தில்
முன்வரிசையில் யாரோ எழுந்து போகிறார்;
அந்த நிழல்
அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போகிறது.
படத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.
இயக்குநருக்குத் தெரியாது.
எங்கள் பக்கத்துத் தியேட்டர் இப்போது தளபாடக் கடை.
திரை இருந்த சுவரோடு அலுமாரிகள்.
நூலகத்துக்கு இரண்டு அங்கேதான் வாங்கினோம்.

போன செவ்வாய்,
மூதூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தார்.
எண் எதுவும் கேட்காமல் உள்ளே போய்
ஒல்லியான கவிதை நூலொன்றை உருவிவந்தார்.
எழுபத்திரண்டு பக்கம்.
"முழுக்க அடிச்சுத் தாங்கோ."
பத்து வீதம் ஐயா, என்றேன்.
ஏழு பக்கம். கண்ணை மூடினால் எட்டு.
"எந்த ஏழு?"
பின்னட்டையைத் திருப்பினேன்.
படத்தில் மீசை கறுப்பு. காது அதே காது.

அவரிடம் ஒரு பிரதியும் இல்லையாம்.
ஒன்று முகாமில் அடுப்புக்கு,
ஒன்று கடலுக்கு,
மீதி இரவல் வாங்கினவர்களுக்கு.
மூன்றையும் ஒரே குரலில் சொன்னார்.
"போனில படமெடுத்தாச் சரிதானே,
காசுமில்லை" என்றான் ரிஸ்கான்.
"கடதாசிதான் வேணும் தம்பி.
தொலைச்சால் தொலைச்சதெண்டு தெரியும்."

உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இருந்தால்
முழுவதும் எடுக்கலாம் என்றேன்,
பகிடிக்குத்தான்.
அவர் பேனை கேட்டார்.
தனக்குத் தானே எழுதத் தொடங்கினார்:
அன்புடையீர்,
பிறகு வெகுநேரம் எழுதவில்லை.
மெஷின் சூடாகி, தூங்கி, மறுபடி சூடாயிற்று.
அனுமதிக்கிறேன்.
இருபத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் விடவும்.
அது இப்போது என் கருத்தல்ல.

எழுபத்தொரு பக்கம், பதினைந்து ரூபாப்படி
ஆயிரத்து அறுபத்தைந்து.
எழுதியவருக்குக் கழிவு கிடையாது.
பற்றுச்சீட்டை மடித்துக்
கட்டுக்குள் வைத்துக்கொண்டார்,
இருபத்து மூன்று இருந்திருக்க வேண்டிய இடத்தில்.

அவரிடம் நான் சொல்லவில்லை:
பத்தொன்பது வயதில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.
மூன்றாவது வரியில் ஓர் அச்சுப்பிழை,
அதையும் சேர்த்தே.
நூலை அதன் இடத்தில் வைத்தேன்.
பக்கம் பத்திரமாக இருக்கிறது.
கேட்டு வருபவருக்கு அதையும் கொடுப்பேன்;
பத்து வீதத்துக்குள் அடங்கும்.

பூட்டிவிட்டு வந்தால்
மதிலில் வேட்பாளர் முற்றாய் இல்லை.
கீழே வாக்குறுதி மட்டும் மிச்சம்.
அந்த இடத்தில்
பசை போதவில்லை போல.